போட்டோவை டபுள் கிளிக் செய்தால் எது திறக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டைச் சுற்றியுள்ள ஆல்பம் டிசைன் கடைகள், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள ஸ்டூடியோக்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துத் தரும் திருவொற்றியூர் ஜெராக்ஸ் கடைகள் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11-க்கு மாறும் வேலை வந்து சேர்ந்தது. மாறிய கையோடு வரும் புகார்கள் மூன்று. போட்டோஷாப்பில் திறந்துகொண்டிருந்த படம் இப்போது போட்டோஸ் ஆப்பில் திறக்கிறது. கூகுளின் பழைய போட்டோ மென்பொருளான பிக்காஸாவின் ஐகான் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஐகான் நிற்கிறது. கேமரா படம் ஒன்றில் திறக்கிறது, வாட்ஸ்அப்பில் வந்த படம் வேறொன்றில் திறக்கிறது.

சர்வீஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ஓ.எஸ். போட்டுடலாம் சார்.” முகூர்த்த நாள் நெருங்கும்போது எல்லா மென்பொருளையும் எழுத்துருவையும் ஆல்பம் டெம்ப்ளேட்டையும் மறுபடி ஏற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. இந்தப் புகார்களுக்கு அது தேவையும் இல்லை. படம் கெடவில்லை, மென்பொருளும் பழுதாகவில்லை. எந்த வகை ஃபைலை எந்த மென்பொருள் திறக்கும் என்ற பதிவு மட்டும் மாறியிருக்கிறது. இதைத்தான் ஃபைல் அசோசியேஷன் என்கிறார்கள். இந்தப் பதிவு ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் குழப்பத்தின் வேர். விண்டோஸ் ஒன்று வைத்திருக்கிறது. ஃபோல்டர்களில் உள்ள படங்களை உலாவிப் பார்க்கும் அடோபி பிரிட்ஜ் போன்ற மென்பொருள்கள் தங்களுக்கென்று தனியாக இன்னொன்று வைத்திருக்கின்றன. எதைத் திருத்துகிறோம் என்று தெரியாமல் திருத்தினால் ஒன்றும் நடக்காது.

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி எக்ஸ்டென்ஷன். எந்த மென்பொருளை அழைப்பது என்பதை விண்டோஸ் அதை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை. திறக்கும் மென்பொருள்தான் உள்ளே பார்க்கிறது. ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், டி8 என்று இருக்கும். பிஎன்ஜி என்றால் 89, 50, 4இ, 47 என்று தொடங்கும். எக்ஸ்டென்ஷனை மட்டும் மாற்றி எழுதினால் இந்த பைட்டுகள் மாறாது. ஐபோனின் ஹெச்இஐசி வகைப் படத்துக்கு ஜேபிஜி என்று பெயர் சூட்டினாலும் அது ஜேபெக் ஆகாது.

மூன்றாவது புகாருக்கு விடை இங்கேயே இருக்கிறது. .ஜேபிஜி, .ஜேபெக் இரண்டும் ஒரே வகைப் படம்தான் என்றாலும், விண்டோஸின் பட்டியலில் இவை இரண்டு தனித்தனி வரிகள். கேனான், நிகான், சோனி கேமராக்கள் ஜேபிஜி என்று சேமிக்கின்றன. வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறக்கிய படம் நான்கெழுத்து ஜேபெக் என்று வருகிறது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டால் பாதிப் படங்கள் ஒரு பக்கம், மீதி இன்னொரு பக்கம். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது மட்டும் விண்டோஸில் பொருட்டில்லை.

விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்தே வைத்திருக்கும். எந்த வேலைக்கும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்புளோரரில் மேலே உள்ள வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். பென் டிரைவில் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் ஃபைல்களைக் கையாளும் கடைகளுக்கு இது பாதுகாப்புக்கும் வேண்டும். மறைத்து வைத்திருந்தால் ஜேபிஜி, புள்ளி, இஎக்ஸ்இ என்று முடியும் வைரஸும் வெறும் ஜேபிஜி போலவே தெரியும்.

டபுள் கிளிக்குக்குப் பின் நடப்பது

1. அந்த எக்ஸ்டென்ஷனுக்கு இப்போது லாகின் செய்திருப்பவர் ஏதாவது தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று விண்டோஸ் பார்க்கிறது. இந்தத் தேர்வு, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூசர்சாய்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் தனித்தனி.

2. அங்கே இருப்பது மென்பொருளின் பெயர் அல்ல, புரோக்ஐடி எனப்படும் ஓர் அடையாளச் சொல். தேர்வு எதுவும் இல்லையென்றால் கணினிக்குப் பொதுவான பட்டியலிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது.

3. அந்தப் புரோக்ஐடியின் கீழ் ஒரு கட்டளை வரி இருக்கும். மென்பொருள் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழுப் பாதையும், அதன் பின் “%1” என்ற குறியும். கிளிக் செய்த ஃபைலின் பெயர் அந்த %1 இருக்கும் இடத்தில் போய் உட்காரும்.

இந்த மூன்றில் எது அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி வேறு. முதலாவது மாறினால் வேறு மென்பொருள் திறக்கும். இரண்டாவது இல்லாத ஒன்றைக் காட்டினால் வெள்ளைத் தாள் ஐகான் வரும், எதில் திறக்கட்டும் என்று விண்டோஸ் கேட்கும். மூன்றாவதில் பாதை தவறினால் ஃபைலைக் காணோம் என்ற பிழைச் செய்தி வரும், அல்லது எதுவுமே நடக்காது. கட்டளை வரியில் %1-ஐச் சுற்றி மேற்கோள் குறி விடுபட்டால் வருவது விசித்திரமான பிழை. இடைவெளி இல்லாத பெயருள்ள படம் சரியாகத் திறக்கும். “ரிசப்ஷன் மேடை 14” என்று இடைவெளியோடு பெயர் வைத்த படம் திறக்காது, ஏனென்றால் மென்பொருளுக்கு அது மூன்று தனித்தனி ஃபைல் பெயர்களாகப் போய்ச் சேர்கிறது. சில படம் திறக்கிறது, சிலது திறக்கவில்லை என்றால் முதலில் பெயர்களைப் பாருங்கள்.

விண்டோஸ் 8 முதல் யூசர்சாய்ஸ் பதிவோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்தது. யூசரின் அடையாள எண், எக்ஸ்டென்ஷன், புரோக்ஐடி, பதிவான நேரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது அது. குறி பொருந்தவில்லை என்றால் விண்டோஸ் அந்தத் தேர்வைத் தூக்கிவிட்டுத் தன் சொந்த ஆப்புக்குத் திரும்பிவிடும். ஆப் டீஃபால்ட் ரீசெட் ஆனது என்று மூலையில் ஒரு அறிவிப்பும் வரும். அதனால்தான் பழைய யோசனைகள் இன்று பலிப்பதில்லை. பக்கத்துக் கணினியிலிருந்து ரெஜிஸ்ட்ரி ஃபைலைக் கொண்டுவந்து இயக்கினால் குறி பொருந்தாது. கமாண்ட் பிராம்ப்டில் அசாக், எஃப்டைப் கட்டளைகள் கொடுத்தால் பொதுப் பட்டியல் மாறும், ஆனால் யூசரின் தேர்வு அதற்கு மேலே நிற்கிறது. கெடுபிடிதான். ஆனாலும் புதிதாக ஏற்றிய ஒவ்வொரு மென்பொருளும் கேட்காமல் எல்லாப் படங்களையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட காலத்தைவிட இது மேல்.

மூன்று வேறு கோளாறுகள், ஒரே புகார்

“போட்டோ ஓப்பன் ஆகல” என்ற ஒரே வாக்கியம் மூன்று வேறு விஷயங்களைக் குறிக்கலாம். கை வைக்கும் முன் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

1. தவறான மென்பொருள் திறக்கிறது, அல்லது எதில் திறக்க என்று கேட்கிறது. இதுதான் அசோசியேஷன் கோளாறு.

2. சரியான மென்பொருள் திறக்கிறது, ஆனால் படத்தைக் காட்டவில்லை. இது கோடெக் (அந்த வகைப் படத்தை விரித்துக் காட்டும் துணை மென்பொருள்) இல்லாமை, அல்லது பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தமில்லாமை.

3. ஃபோல்டரில் படம் இருக்கிறது, பிக்காஸா அல்லது டிஜிகேம் லைப்ரரியில் மட்டும் தெரியவில்லை. இது அந்த மென்பொருளுக்குள் இருக்கும் ஃபைல் வகை வடிகட்டி.

சோதிக்க எளிய வழி, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ஓப்பன் வித் மூலம் வேண்டிய மென்பொருளை ஒரு முறை மட்டும் அழைத்துப் பார்ப்பது. அதில் படம் சரியாகத் தெரிந்தால் முதல் வகை. அப்போதும் தெரியவில்லை என்றால் அசோசியேஷனை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

தம்ப்நெயில் தெரியாதது இந்த மூன்றிலும் சேராது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ பகுதியில் “ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்” என்ற டிக்கை எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

விண்டோஸ் 11-ல் திருத்தும் முறை

ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் என்றால் ரைட் கிளிக் போதும். ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப், வேண்டிய மென்பொருள், பிறகு ஆல்வேஸ் பட்டன். ஜஸ்ட் ஒன்ஸ் அழுத்தினால் அது அந்த ஒரு தடவைக்குத்தான். விண்டோஸ் 10-ல் இதே இடத்தில் “ஆல்வேஸ் யூஸ் திஸ் ஆப்” என்று ஒரு டிக் பெட்டி இருக்கும்.

பல எக்ஸ்டென்ஷன்கள் என்றால் செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ் போங்கள். மேலே உள்ள பெட்டியில் புள்ளியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷனைத் தட்டச்சு செய்தால் இப்போது எது பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும். அதைத் தொட்டு மாற்றி, செட் டீஃபால்ட் அழுத்துங்கள். ஸ்டூடியோ கணினியில் குறைந்தது இவற்றையாவது பார்க்க வேண்டும்: ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் மற்றும் அதன் நான்கெழுத்து வடிவம், ஹெச்இஐசி, வெப்பி (இணையத்தில் வரும் படவகை), ஜேஎஃப்ஐஎஃப் (ஜேபெக்கின் இன்னொரு பெயர்). ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி தேடினால்தான் மேலே சொன்ன குறி பொருந்தாமல் எல்லாம் திரும்பிப்போகும். இர்ஃபான்வியூ பயன்படுத்துபவர்கள் அதன் ஆப்ஷன்ஸ் மெனுவில் “செட் ஃபைல் அசோசியேஷன்ஸ்” கொடுத்துப் படங்களை மட்டும் டிக் செய்துகொள்ளலாம். அது மென்பொருளை விண்டோஸ் பட்டியலில் பதியும். கடைசித் தேர்வை விண்டோஸ் செட்டிங்ஸில் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அதே பக்கத்தில் “ரீசெட் ஆல் டீஃபால்ட் ஆப்ஸ்” என்று ஒரு பட்டன் உண்டு. அவசரத்தில் அதை அழுத்த வேண்டாம். பிரவுசர், பிடிஎஃப், பாட்டு, வீடியோ என்று நீங்கள் செய்த அத்தனை தேர்வும் சேர்ந்து போய்விடும்.

எதில் திறப்பது என்ற கேள்வியில் ஒரு கருத்து: ஜேபிஜியை போட்டோஷாப்புக்கு டீஃபால்ட்டாகக் கொடுப்பது நல்ல பழக்கமல்ல. வாடிக்கையாளருக்கு ஒரு படத்தைக் காட்ட அவ்வளவு பெரிய மென்பொருள் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறுதலாக சேவ் செய்தால் ஒரிஜினல் மேலேயே மறுபடி கம்ப்ரஸ் ஆகித் தரம் குறையும். டபுள் கிளிக்குக்கு லேசான வியூவர், திருத்தத்துக்கு ரைட் கிளிக். லைட்ரூமை டீஃபால்ட் ஆக்குவது அதைவிட மோசம். அது கேட்டலாக் என்ற தன் சொந்தப் படப்பட்டியலை வைத்து இயங்குவது, எந்தப் படமும் முதலில் அதற்குள் இம்போர்ட் ஆக வேண்டும்.

மென்பொருளைக் காட்டினாலும் பட்டியலில் ஏறவில்லை என்றால்

போட்டோஷாப்பின் பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை வேறு ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள். ஓப்பன் வித்தில் “சூஸ் ஆன் ஆப் ஆன் யுவர் பிசி” கொடுத்துப் புதிய இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டினாலும் விண்டோஸ் அசைந்துகொடுக்காது. பிழைச் செய்தியும் வராது. காரணம், விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைலின் பெயரை வைத்து ஒரு பதிவு வைத்திருக்கிறது. இரண்டு பதிப்பிலும் அந்தப் பெயர் ஒன்றே. பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று பழைய பாதையையே பிடித்துக்கொள்கிறது. சென்னையில் கதவிலக்கம் புதியதாக மாறிய பிறகும் பழைய எண்ணுக்கே போய் நிற்கும் தபால் போலத்தான்.

திருத்த வேண்டிய இடம் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் இருக்கிறது.

1. மாற்றும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துவைக்கவும்.

2. ஹெச்கீ கிளாசஸ் ரூட், அதன் கீழ் அப்ளிகேஷன்ஸ், அதன் கீழ் அந்த இஎக்ஸ்இ பெயர், பிறகு ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று இறங்கவும்.

3. வலப்பக்கம் டீஃபால்ட் என்ற மதிப்பில் பழைய பாதை இருக்கும். புதிய பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதவும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு “%1”, அதுவும் மேற்கோள் குறியோடு.

4. எடிட்டரை மூடிவிட்டு மறுபடி ஓப்பன் வித்தில் முயலவும்.

பென் டிரைவிலிருந்தோ எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ போர்ட்டபிள் மென்பொருளை இயக்குபவர்களுக்கும் இதே சிக்கல் வரும். நேற்று ஈ டிரைவாக இருந்தது இன்று எஃப் ஆனால் பாதை அறுந்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிரைவுக்கு நிலையான எழுத்து கொடுங்கள், அல்லது மென்பொருளை சி டிரைவுக்கு நகலெடுத்து அங்கிருந்து இணையுங்கள்.

போட்டோ மென்பொருள்களுக்குள் இருக்கும் இரண்டாவது பட்டியல்

எக்ஸ்புளோரரில் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் அடோபி பிரிட்ஜில் டபுள் கிளிக் செய்தால் இன்னும் பழைய போட்டோஷாப்பைத் தேடுகிறது என்றால் வியப்பில்லை. பிரிட்ஜ் தன் சொந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. எடிட் மெனு, பிரிஃபரன்ஸஸ், ஃபைல் டைப் அசோசியேஷன்ஸ் போனால் ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஒரு மென்பொருள் பெயர் இருக்கும். ஜேபெக், டிஃப், பிஎஸ்டி வரிகளில் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறைய வரிகள் குழம்பியிருந்தால் “ரீசெட் டு டீஃபால்ட் அசோசியேஷன்ஸ்” கொடுக்கலாம். இந்த ரீசெட் பிரிட்ஜின் பட்டியலை மட்டுமே தொடும்.

போட்டோஷாப்தான் திறக்கிறது, ஆனால் ஜேபிஜி படம் நேராக வராமல் கேமரா ரா என்ற துணைக் கருவியின் சாளரத்தில் வந்து நிற்கிறது என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். இதற்கு அசோசியேஷன் காரணமே இல்லை. கேமரா ராவின் பிரிஃபரன்ஸஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் ஜேபெக்குக்கு “ஆட்டோமேட்டிக்கலி ஓப்பன் ஆல் சப்போர்ட்டட் ஜேபெக்ஸ்” என்று இருக்கும். அதை “டிசேபிள் ஜேபெக் சப்போர்ட்” என்றோ, செட்டிங்ஸ் உள்ள படங்களை மட்டும் திறக்கும்படியோ மாற்றினால் தீர்ந்தது.

லைட்ரூமிலிருந்து வெளியே அனுப்பும் மென்பொருளை பிரிஃபரன்ஸஸின் எக்ஸ்டர்னல் எடிட்டிங் பகுதியில் பார்க்க வேண்டும்.

பிக்காஸாவை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டாலும் முகத்தை வைத்துப் படம் தேடும் வசதிக்காக இன்றும் அதை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் இரண்டு வேறு அமைப்புகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டூல்ஸ் மெனுவில் “கன்ஃபிகர் போட்டோ வியூவர்” என்பது டபுள் கிளிக் சம்பந்தப்பட்டது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபைல் டைப்ஸ் என்பது லைப்ரரியில் எந்த வகைப் படங்களைக் காட்டுவது என்ற வடிகட்டி. பிஎன்ஜி படங்கள் லைப்ரரியில் காணவில்லை என்றால் இரண்டாவதில் டிக் போடுங்கள். ஹெச்இஐசி படங்களை பிக்காஸாவில் எதிர்பார்க்க வேண்டாம், அந்த வகை பரவுவதற்கு முன்பே பிக்காஸா நின்றுவிட்டது.

அசோசியேஷன் என்று தவறாகப் பழி சுமப்பவை

ஐபோன்கள் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெச்இஐசி வகையில் படம் சேமிக்கின்றன. விண்டோஸில் இதைப் பார்க்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இரண்டு துணைகள் வேண்டும்: இலவசமான ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், சிறு கட்டணமுள்ள ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ். ஒன்று மட்டும் போட்டால் படம் திறக்காமல் போகலாம். படம் எடுக்கப்போகும் ஐபோன் கையில் இருந்தால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் “மோஸ்ட் கம்பாட்டிபிள்” வைத்துவிடுவது சுலபம். அதன் பிறகு எடுப்பவை ஜேபிஜியாக வரும், முன்பு எடுத்தவை மாறாது. ரா எனப்படும், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படங்களான கேனானின் சிஆர்3, நிகானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ ஆகியவற்றுக்கு ஸ்டோரில் ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைகளைப் படுத்துவது ஜேஎஃப்ஐஎஃப். குரோமிலோ எட்ஜிலோ ஒரு ஜேபெக் படத்தைச் சேமித்தால் சில கணினிகளில் இந்த எக்ஸ்டென்ஷனோடு இறங்கும். பெயரை ஜேபிஜி என்று மாற்றினாலே போதும், ஏனென்றால் இது உண்மையிலேயே ஜேபெக்தான். பெயர் மாற்றம் வேலை செய்யும் அபூர்வமான இடம் இது. மறுபடி வராமலிருக்க ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ கிளாசஸ் ரூட்டின் கீழ் மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப், இமேஜ்/ஜேபெக் வரை போங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன் என்ற மதிப்பில் ஜேஎஃப்ஐஎஃப் என்று இருக்கும். அதைப் புள்ளியோடு சேர்த்து ஜேபிஜி ஆக்கிவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள்.

போட்டோஸ் ஆப் எந்தப் படத்தையும் காட்டாமல் ரெஜிஸ்ட்ரி மதிப்பு தவறு என்கிறதா? செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ், போட்டோஸ், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ரிப்பேர், அதிலும் சரியாகவில்லை என்றால் ரீசெட்.

பழைய விண்டோஸ் போட்டோ வியூவர் வேண்டும் என்பவர்களுக்கு

விண்டோஸ் 7-ல் பழகிய வியூவர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. டிஃப் படங்களுக்கு மட்டும் பதிவாகியிருப்பதால் ஜேபிஜிக்கான ஓப்பன் வித் பட்டியலில் தலைகாட்டுவதில்லை. ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் போட்டோ வியூவர், கேப்பபிலிட்டீஸ், ஃபைல் அசோசியேஷன்ஸ் என்று இறங்கினால் டிஃப்புக்கான இரண்டு வரிகள் இருக்கும். அங்கே புதிய ஸ்ட்ரிங் மதிப்பு ஒன்றை உருவாக்கி, புள்ளியோடு ஜேபிஜி என்று பெயர் வைத்து, டிஃப் வரியில் உள்ள தரவை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டச்சு செய்வதைவிட நகலெடுப்பது நல்லது, ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. ஜேபெக், பிஎன்ஜிக்கும் அதே போல. பிறகு டீஃபால்ட் ஆப்ஸில் வியூவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே கடையில் பல கணினிகள், பல கணக்குகள்

முதலாளிக்கு ஒரு லாகின், டிசைனருக்கு ஒரு லாகின் என்றிருந்தால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் தெரியாது. யூசர்சாய்ஸ் ஆளுக்கு ஆள் வேறு. ஏழெட்டுக் கணினி உள்ள இடங்களில் ஒன்றைச் சரியாக அமைத்து, கமாண்ட் பிராம்ப்டில் இயங்கும் டிஸம் என்ற விண்டோஸ் கருவியின் எக்ஸ்போர்ட் கட்டளையால் டீஃபால்ட் பட்டியலை ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து, மற்றவற்றில் இம்போர்ட் செய்யலாம். அதற்கு முன் அந்தக் கணினிகளிலும் அதே மென்பொருள்கள் ஏறியிருக்க வேண்டும். இப்படி இம்போர்ட் செய்தது இனிமேல் உருவாகும் கணக்குகளுக்கு மட்டுமே செல்லும். ஏற்கெனவே லாகின் செய்து பயன்படுத்திவரும் கணக்குகளில் டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்துக்குப் போய்க் கையால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.